பயனாளி: திருமதி ந. செல்லத்தாய்

வெங்காயம் உரிக்க ஆள் கிடைக்காத முகூர்த்த நாளாகப் பார்த்துத்தான் வெளிநாட்டுப் பிள்ளைகளை வரச் சொல்லியிருந்தார்கள்.

ஆவணி ஞாயிறு. மதுரையில் ஒரு மண்டபம் சும்மா கிடக்கவில்லை. எப்போதும் கையுதவிக்கு வருகிற பொம்பளைகள் இரண்டு பேரும் கீழக்குயில்குடிக் கல்யாணத்துக்கு இலை எடுக்கப் போய்விட்டார்கள். அங்கே போனால் கூலியும் உண்டு, தேங்காய் வெத்திலை போட்ட மஞ்சப்பையும் உண்டு. வைகைக்கரை சேவைச் சங்கத்தில் நன்றி உண்டு. அதையும் மைக்கில்தான் சொல்வார்கள். அடுப்படிக்குச் சரியாகக் கேட்காது.

செல்லத்தாய் கவிழ்த்துப் போட்ட எண்ணெய் டின் மேல் உட்கார்ந்து வெங்காயத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். குத்தவைத்து உட்கார முடிவதில்லை. குத்தவைத்தால் அடிவயிற்றிலிருந்து எல்லாம் சேர்ந்து கீழே இறங்கி வந்துவிடுகிற மாதிரி இருக்கும். மாதிரி என்ன, இறங்கித்தான் வந்தது. கர்ப்பப்பை தளர்ந்து கீழே சரிந்து, நின்றால் வெளியே தட்டியது. பழைய வேட்டியைக் கிழித்துச் சுருட்டி இறுக்கிக் கட்டிக்கொண்டு இரண்டு வருஷமாக அவள் அண்டா தூக்கினாள், மாவு ஆட்டினாள், பந்திக்குத் தண்ணீர் சுமந்தாள்.

திருமங்கலம் ரோட்டோரம் சங்கத்துக்குச் சொந்தக் கட்டடம் இருந்தது. முன்னால் மண்டபம், பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட சமையல் கொட்டகை. கொட்டகையை ஒட்டி ஒரே ஒரு அறை. அந்த அறைதான் அவர்கள் வீடு. புருசன் நல்லகாமன் சம்பளக் கணக்கில் வாட்ச்மேன், வேலைக் கணக்கில் சமையல் மாஸ்டர். செல்லத்தாய் எந்தக் கணக்கிலும் இல்லை. மாஸ்டர் பெண்டாட்டி கூடமாட நிற்பாள் என்று சங்கம் நினைத்துக்கொண்டது. நிற்பது என்றால் என்ன என்று சங்கத்துக்குத் தெரியாது.

தெரிந்த ஒரே ஆள் டாக்டர் ஐரின். சொந்த நர்சிங் ஹோம் வைத்திருக்கிற அந்தம்மாவும் சங்கத்தில் உறுப்பினர். ஒரு கூட்டத்தன்றைக்கு வெந்நீர் கேட்டு அடுப்படிக்கு வந்தவள், சுவரைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்து நின்ற செல்லத்தாயைப் பார்த்துவிட்டாள். அறைக்குள் கூட்டிப்போய் படுக்கச் சொல்லிப் பார்த்தாள்.

"இதை வச்சுக்கிட்டா இம்புட்டு நாளா வேலை பாக்குறீங்க? எடுத்துரணும். நான் பண்ணிவிடுறேன், எனக்கு ஒண்ணும் தர வேணாம். ஆனா மூணு மாசத்துக்கு வெயிட் தூக்கக் கூடாது."

"தூக்கலைன்னா அண்டா என்ன தன்னால நடந்து போகுமா டாக்டரம்மா?" என்று செல்லத்தாய் சிரித்தாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை ஆப்பரேஷன் என்று முடிவாகியிருந்தது. அதாவது நாளைக்கு. நல்லகாமனிடம், வயிற்றில் ஒரு கட்டி என்று மட்டும் சொல்லியிருந்தாள். கர்ப்பப்பை என்கிற வார்த்தையை அவனிடம் சொல்ல வாய் வரவில்லை. அவன் தம்பி பெண்டாட்டிக்கு எடுத்தபோது திருமங்கலத்துச் சொந்தக்காரர்கள் அவளை வெத்துக்கூடு என்று பேசியதை அவள் காதாலேயே கேட்டிருக்கிறாள். மகளுக்குத்தான் முழுசாகத் தெரியும்.

மகள் பேர் சோணையம்மாள். அந்தக் குடும்பத்தில் முதல்முதலாகக் காலேஜ் படியேறியவள். பி.ஏ. இங்கிலீஷ் முடித்துவிட்டு ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். வாய் நீளம். கோபம் அதைவிட நீளம். வாசலில் இறக்கியிருந்த இலைக்கட்டை எடுத்துவரப் போனவள் கையை வீசிக்கொண்டு திரும்பி வந்தாள்.

"யம்மா, அன்னைக்கி போட்டோ குடுத்தீல்ல, எதுக்குக் குடுத்த?"

"ஆஸ்பத்திரிக் கார்டுக்குன்னாக."

"யாரு?"

"செயலாளர் ஐயாதேன். ஏன்?"

"வந்து பாரு. கார்டு எம்புட்டுப் பெருசுன்னு."

கேட்டுக்கு மேலே புதுசாக ஒரு ஃபிளெக்ஸ் போர்டு கட்டியிருந்தார்கள். துணியில் பெயின்ட் அடித்து எழுதுகிற காலம் முடிந்து மதுரைக்கு ஃபிளெக்ஸ் வந்து ஒன்றிரண்டு வருஷம்தான் ஆகிறது. காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, வளைகாப்பு என்று ஊரே அதில் தொங்கிக்கொண்டிருந்தது. இந்தப் போர்டில் நாலு நாட்டுக் கொடி. கும்பிட்டபடி ஏழெட்டு நிர்வாகிகள். வெளிநாட்டு மாணவச் செல்வங்களே வருக வருக. அதற்குக் கீழே, சொளகு அகலத்துக்கு செல்லத்தாயின் முகம். ஸ்டூடியோவில் மின்விசிறி இல்லாததால் நெற்றியில் வழிந்த வேர்வைகூடத் தெளிவாக விழுந்திருந்தது. பக்கத்தில் சிவப்பு எழுத்து.

அவள் ஐந்தாவது வரைக்கும் படித்தவள். எழுத்துக் கூட்டினாள். மகளிர் நலத் திட்டம். கர்ப்பப்பை அகற்றும் இலவச அறுவை சிகிச்சை. பயனாளி: திருமதி ந. செல்லத்தாய்.

கேட்டுக்கு எதிரே பூ விற்கிற சீனியம்மாள் கட்டிக்கொண்டிருந்த சரத்தை மடியில் போட்டுவிட்டு எட்டிப் பார்த்தாள். "மதினி, உங்க கர்ப்பப்பை திருமங்கலம் ரோட்டுல காத்தாடுது போல. பஸ்ஸுல போறவனெல்லாம் தலைய வெளிய நீட்டி வாசிச்சிட்டுப் போறான்."

"வாசிக்கட்டும். எழுத்துப் பழகுன மாதிரி இருக்கும்," என்றாள் செல்லத்தாய்.

சொல்லிவிட்டாளே தவிர காது மடல் சுட்டது. திரும்பினால் நல்லகாமன் நிற்கிறான். கையில் சட்டுவம். அவனும் எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தான். உதடு அசைந்தது. அந்த ஒரு வார்த்தைக்கு வந்ததும் நின்றுபோனது.

"கட்டின்னுல்ல சொன்ன?"

"ஆமா."

"இது என்ன போட்டிருக்கு?"

"அதுவும் ஒரு கட்டி மாதிரிதேன். விடுங்க, அடுப்பு எரியுது."

"எந்தம்பி வீட்டு ஆளுக அம்புட்டுப் பேரும் முகூர்த்தத்துக்கு இந்த ரோட்டுலதான் வருவாக. இன்னைக்கி, இன்னைக்கின்னு பாத்து." அவன் குரல் ஏறவில்லை. ஏறியிருந்தால் பரவாயில்லை. "நீ ஒண்ணும் நாளைக்குப் போக வேணாம். ஆப்பரேசனும் வேணாம், ஒரு மயிரும் வேணாம்."

கொட்டகைக்குள் போய்விட்டான். செல்லத்தாய் இலைக்கட்டைத் தூக்கினாள். கனமாக இருந்தது. மகள் பிடுங்கிக்கொண்டாள்.

செயலாளர் சௌந்தரராஜன் பட்டுவேட்டியில் வந்து இறங்கினார். ஜவுளிக்கடை முதலாளி, சௌராஷ்டிரக்காரர். கெட்டவர் இல்லை. அதுதான் தொந்தரவே. கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டு நம் வேலையைப் பார்க்கலாம். போன மழைக்கு ஆஸ்பெஸ்டாஸ் ஒழுகியபோது சொந்தக் காசில் மாற்றிக்கொடுத்தவர். அவர் மனைவி லலிதாம்பாள் சந்தனக் கிண்ணமும் பன்னீர்ச் செம்புமாகப் பின்னால் வந்தாள்.

சோணையம்மாள் நேரே போய் நின்றாள். "சார், அந்தப் போர்ட்ட அவுக்கணும்."

"ஏம்மா சோனா, எழுத்துல ஏதும் தப்பா?" சோணையம்மாள் என்று முழுசாகக் கூப்பிட அவருக்கு என்றுமே பொறுமை இருந்ததில்லை.

"தப்பெல்லாம் இல்ல. எங்கம்மா பேரு, மூஞ்சி, நோய் மூணும் ரோட்டுல தொங்குது."

"நோய்னு ஏன் சொல்ற? சிகிச்சைன்னுதான போட்டிருக்கு. நல்ல விஷயந்தானே."

"நல்ல விஷயந்தான் சார். உங்க வீட்டம்மாவுக்கும் போன வருஷம் இதே ஆப்பரேஷன் நடந்துச்சே. அதுக்கு எந்த ரோட்டுல போர்டு வச்சீங்க?"

லலிதாம்பாள் கையிலிருந்த பன்னீர்ச் செம்பைப் பார்த்தாள். மெதுவாக அவர்கள் பாஷையில் புருசனிடம் என்னமோ சொன்னாள். அவரும் அதே பாஷையில் சுருக்கமாகப் பதில் சொன்னார். பிறகு தமிழுக்கு வந்தார்.

"நாங்க எங்க காசுல பண்ணிக்கிட்டோம்மா."

"அப்ப காசில்லாதவளுக்குத்தான் போர்டா?"

"இங்க பாரு. கோபப்படாமக் கேளு. டாக்டரம்மா ஃபீஸ் வாங்கல. ஆனா மருந்து, ரத்தம், மயக்க டாக்டர், இதெல்லாம் சங்கம் குடுக்குது. சங்கத்துக்கு மேல மாவட்டச் சங்கம்னு ஒண்ணு உக்காந்திருக்கு. போர்டு, மேடை, போட்டோ மூணும் இருந்தாத்தான் அது திட்டம். இல்லைன்னா நடந்ததாவே எடுத்துக்க மாட்டாங்க. போர்ட அவுக்கச் சொல்றியா, அவுத்துடுறேன். நாளைக்கு மருந்துக்கு எங்க போவ?"

கொட்டகை வாசலில் நின்ற செல்லத்தாய்க்கு எல்லாம் கேட்டது. "ஏத்தா, விடு," என்றாள். "ஐயா, அது சின்னப்புள்ள. நீங்க போய் ஆக வேண்டியதப் பாருங்க."

அவர் போகவில்லை. நெற்றியைத் தேய்த்தார். "இன்னொரு விஷயம்மா சோனா. மொழிபெயர்க்க புரொஃபசர் ஜெர்சன் வரேன்னார். அவரும் ஏதோ கல்யாணத்துல மாட்டிக்கிட்டார். நாங்க இங்கிலீஷ்ல பேசிடுவோம். அந்தப் பசங்க பயனாளிகிட்ட ஏதாவது கேட்டா, நடுவுல ஆள் வேணும்."

சோணையம்மாள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு செல்லத்தாய்க்குப் பயமாக இருந்தது. அடுப்படிக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"செய்யிறேன்னு சொல்லு."

"உனக்கு வெக்கமாவே இல்லையாம்மா?"

"வெக்கப்படுறதுக்கும் ஒடம்புல தெம்பு வேணும்த்தா. நின்னா விழுகுது, தும்முனா விழுகுது. ராத்திரி புரண்டு படுக்கையில கையால ஒதுக்கி வச்சுட்டுப் படுக்குறேன். அது போனாப் போதும். மூஞ்சியப் பாத்தா பாக்கட்டும், தேஞ்சா போயிரும்? உங்கப்பன் வேற வேணாங்கிறாரு. நீயும் சேந்து கெடுத்துறாத."

சாம்பார் அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. நல்லகாமன் யாரையும் பார்க்கவில்லை. வெளிநாட்டுக்காரர்கள் தாங்க மாட்டார்கள், மிளகாயைப் பாதியாகக் குறை என்று செயலாளர் உத்தரவு. "சாம்பாரா இது, கோயில் தீர்த்தம்," என்று முணுமுணுத்தபடி கிண்டிக்கொண்டிருந்தான். ரச அண்டாவை இறக்க வேண்டியிருந்தது. "இந்தா, பிடி," என்றான். ஊமைச்சண்டை நடக்கிற நாளிலும் அந்த ஒரு பேச்சு நிற்காது. செல்லத்தாய் சாக்கை மடித்து ஒரு பக்கத்துக் காதைப் பிடித்தாள். மூச்சை அடக்கினாள். தூக்கினாள். கண்ணுக்குள் மினுக்கட்டான் பூச்சி பறந்தது.

இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தபோது வாசலில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள்.

வேன் வந்துவிட்டிருந்தது. மண்டப வாசலில் மேளம். நாலு பிள்ளைகள். வெள்ளை வெளேரென்று மூன்று, கருப்பாக ஒன்று. மூன்று பேருக்கு மாலை போட்டு, சந்தனம் பூசி, போட்டோ எடுத்து உள்ளே கூட்டிப் போனவர்கள் நாலாவதாக இறங்கியவளை டிரைவரோடு வந்த பொண்ணு என்று நினைத்துவிட்டார்கள். "தூத்துக்குடிப் பக்கமாம்மா நீ?" என்று பொருளாளர் கேட்டதாகப் பிற்பாடு சீனியம்மாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவள் பிரேசில்காரி. லூசியானா என்று பேர். விஷயம் தெரிந்து மாலையைத் தூக்கிக்கொண்டு தேடும்போது அவள் கொட்டகைக்கு வந்துவிட்டிருந்தாள், புகை வாசம் பிடித்துக்கொண்டு.

அவள் செல்லத்தாயின் முகத்தைப் பார்த்தாள், அண்டாவைப் பார்த்தாள், மறுபடி முகத்தைப் பார்த்தாள். பேசாமல் எண்ணெய் டின்னை இழுத்து அருகில் போட்டாள். உட்காரச் சொல்கிறாள் என்று விளங்க பாஷை வேண்டியிருக்கவில்லை.

"உக்காரும்மா, சொல்லுதுல்ல," என்றாள் சோணையம்மாள்.

இரண்டு பெண்களும் இங்கிலீஷில் பேசிப் பார்த்தார்கள். சோணையம்மாள் புத்தகத்தில் படித்த இங்கிலீஷ், வாய்க்கு வந்து பழகாதது. லூசியானாவுடையதும் இரவல் பாஷைதான் போல. இரண்டு பேரும் வார்த்தைக்கு வார்த்தை நின்று, கையை ஆட்டி, தப்பாகச் சொல்லி, சிரித்து, மறுபடி சொன்னார்கள். செல்லத்தாய் பார்த்துக்கொண்டிருந்தாள். இங்கிலீஷ் பேசும்போது மகளுக்குக் கோபம் குறைந்துவிடுகிறது என்று பட்டது.

"என்னத்தா சொல்லுது?"

"அவுகம்மாவும் சமையல் வேலைதானாம். ஒரு பள்ளிக்கூடத்துல."

"பெறகு எப்பிடி ஏரோப்ளேன்ல வந்துச்சு?"

"அங்க உள்ள சங்கம் அனுப்பிச்சாம்."

"போர்டு வச்சாகளாமா?"

சோணையம்மாள் அதை மொழிபெயர்க்கவில்லை.

சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. எதைக் கொடுத்தாலும் தாம்பாளத்தில் வைத்து, வந்த விருந்தாளி கையால், கேமராவைப் பார்த்தபடிதான் கொடுக்க வேண்டும். தையல் மிஷின் என்றால் தாம்பாளத்தில் நூல்கண்டு. ஆடு என்றால் கயிறு. ஆப்பரேஷனுக்கு எதை வைப்பது என்று நிர்வாகக் கூட்டத்தில் வெகுநேரம் பேசியிருக்கிறார்கள். கடைசியில் நாலு ஆப்பிளும் ஒரு டப்பா சத்துமாவும் என்று முடிவாகியிருந்தது.

"பயனாளி மேடைக்கு வரவும்," என்று மைக் கூப்பிட்டது.

மேடைக்குப் படி உயரம். ஒவ்வொரு படிக்கும் ஒரு தடவை அவள் தொடையை இறுக்கினாள். புகை நாறுகிற சேலையோடு அத்தனை பட்டுக்கு நடுவில் நின்றபோது கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. செயலாளர் இங்கிலீஷில் பேசினார். நடுவில் நடுவில் அவள் பக்கம் கையை நீட்டினார். நீட்டும்போதெல்லாம் முன்வரிசை தலையாட்டியது. கர்ப்பப்பைக்கு இங்கிலீஷில் என்ன என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் அந்த வார்த்தை வந்த இடம் தெரிந்தது. டென்மார்க் பையன் காது சிவந்து தரையைப் பார்த்தான்.

"எனி கொஸ்டின்ஸ்?" என்றார் செயலாளர். யாரும் கேட்க மாட்டார்கள் என்கிற நம்பிக்கையில் தாம்பாளத்தைக் கையில் எடுத்தாகிவிட்டது.

லூசியானா எழுந்தாள். நீளமாக ஒன்றும் கேட்கவில்லை. மொழிபெயர்க்க நின்ற சோணையம்மாள் மைக்கை வாங்கினாள். அப்புறம் அம்மாவைப் பார்த்துத் திரும்பினாள்.

"யம்மா, இந்தப் புள்ள கேக்குது. ஆப்பரேஷன் முடிஞ்சு நீ படுத்திருக்கையில அந்த அண்டாவ யாரு தூக்குவாகன்னு."

கூட்டத்தில் ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். செயலாளரும் சிரித்தார். மைக் செல்லத்தாயின் வாய்க்கு முன்னால் வந்து நின்றது.

"என்னத்தச் சொல்ல," என்றாள் மகளிடம் ரகசியமாக. அது மண்டபம் முழுக்கக் கேட்டது.

"கேட்டதுக்குச் சொல்லு."

"யாரு தூக்குவா? நாந்தேன். இம்புட்டு நாளு யாரு தூக்குனாகளோ அவுகதேன்." தன் குரல் தனக்கே சுவரில் மோதித் திரும்பி வந்தது. நிறுத்தியிருப்பாள். ஆனால் அந்தப் பிள்ளை உட்காராமல் நின்றுகொண்டே இருந்தது, பாஷை புரியாமல், முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு. "டாக்டரம்மா மூணு மாசம் தூக்காதன்னாக. நான் ஒரு பத்து நாளு படுப்பேன். பெறகு எந்திரிச்சிருவேன். ஐப்பசியில மாவட்டத் தலைவரு வாராராம்ல, முந்நூறு எலைன்னு இப்பவே சொல்லிட்டாக. எங்க வீட்டுக்காரரு ஒத்தையில எறக்க முடியாது. அவரு நாளைக்கே போக வேணாங்கிறாரு. பேரு ரோட்டுல வந்துருச்சுன்னு. அவரையும் கொறை சொல்றதுக்கில்ல, அவரு பக்கத்து சனம் அப்பிடி." மூச்சு வாங்கியது. "எனக்கு நின்னா வலிக்குது. அதேன். வேற ஒண்ணும் சொல்றதுக்கில்ல."

சோணையம்மாள் இங்கிலீஷில் சொன்னாள். எதையும் விடவில்லை என்று கேட்கிறவர்கள் முகத்திலேயே தெரிந்தது. ஐப்பசிப் பேச்சு வந்தபோது முன்வரிசை தலை குனிந்தது. சொல்லி முடித்ததும் கைதட்டினார்கள். மைக்கில் யார் எதைச் சொல்லி முடித்தாலும் கைதட்டுவது அங்கே பழக்கம்.

பக்கத்துக் கதவு ஓரத்தில் நல்லகாமன் நின்றிருந்தான். தட்டிய கை ஓய்வதற்குள் அந்த இடம் காலியாகிவிட்டது.

பின்னால் கடைசி வரிசையிலிருந்து டாக்டர் ஐரின் எழுந்தாள். எங்கோ ஒரு பிரசவத்தை முடித்துவிட்டு அப்போதுதான் வந்திருக்க வேண்டும். தலை கலைந்திருந்தது. "மூணு மாசம்னா மூணு மாசந்தான். குடம்கூடத் தூக்கக் கூடாது. தூக்குனா மறுபடி எறங்கும், அப்ப நான் பொறுப்பில்ல. அப்புறம் சார், பேஷண்ட் பேரப் போர்டுல போடச் சொல்லி நான் யாருகிட்டயும் சொல்லல."

செயலாளர் மைக்கை வாங்கினார். "அதற்கான ஏற்பாட்டைச் சங்கம் செய்யும்," என்றார். இதற்கும் கைதட்டினார்கள், இன்னும் பலமாக. "இங்க பாருங்க," என்றான் போட்டோக்காரன். ஆப்பிளும் சத்துமாவும் கை மாறின.

அடுத்து பந்தி. பயனாளியை வெளிநாட்டுப் பிள்ளைகளோடு முதல் பந்தியில் உட்காரவைத்து ஒரு படம் எடுக்க வேண்டும் என்றார்கள். செல்லத்தாய் வேண்டாமென்றாள், பரிமாற ஆளில்லை என்றாள். "அம்மா உக்காரட்டும், நாங்க பாத்துக்கிறோம்," என்று லலிதாம்பாள் முந்தானையைச் செருகிக்கொண்டு உப்பு வைக்கப் போனாள். லூசியானா நாற்காலியை இழுத்துப் போட்டாள். உட்கார வேண்டியதாகிவிட்டது.

இலையில் தண்ணீர் தெளித்தார்கள். உப்பு, பொரியல், வடை. சோறு விழுந்தது. ஆவி பறந்தது. எல்லாரும் சோற்றில் குழி பறித்துவிட்டுக் காத்திருந்தார்கள். கனடாப் பையன் வெறும் சோற்றைக் கரண்டியால் தின்ன ஆரம்பித்துவிட்டான். சாம்பார் வரவில்லை.

கொட்டகைப் பக்கமிருந்து குரல் வந்தது. "இந்தா. வா, பிடி."

செல்லத்தாயின் கை தன்னால் மேஜையில் ஊன்றியது. பாதி எழுந்துவிட்டாள். எழும்போது உள்ளே அது சரிந்தது. தினமும் சரிகிற அதே சரிவுதான். அந்தப் பாதியிலேயே கொஞ்ச நேரம் நின்றாள். எதிர் இலைக்காரர் அவளை நிமிர்ந்து பார்த்தார். சாம்பாருக்குத்தான் போகிறாள் என்று நினைத்து இலையை ஒருதரம் துடைத்துக்கொண்டார்.

அவள் உட்கார்ந்தாள்.

"ஏ, கேக்குதா? வா, பிடி," என்றது கொட்டகை. அவள் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாளைக்கு ஆப்பரேஷன் இல்லை என்று சொல்லிவிடுவார்களோ, அறையைக் காலி பண்ணச் சொல்வார்களோ, அந்த மனுசன் அத்தனை பேர் முன்னால் வந்து கத்துவானோ. எல்லாம் வரிசையாக வந்து போயின. எழுந்திருக்க மட்டும் முடியவில்லை. வைராக்கியம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. அலுத்துப் போயிருந்தது.

பரிமாறிக்கொண்டிருந்த சோணையம்மாளிடம் செயலாளர் வந்தார். "என்னம்மா சோனா, சாம்பார் எங்க? சோறு ஆறுது."

"அண்டா அடுப்புல இருக்கு சார். அப்பா ஒரு காதப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாரு. இன்னொரு காதுக்கு ஆளு வேணும். சங்கம் ஏற்பாடு செய்யும்னு சொன்னீங்கள்ல, அதான் பாத்துக்கிட்டிருக்கோம்."

"நீ ஒரு கை பிடிக்கக் கூடாதா?"

"இன்னைக்கி நான் பிடிச்சா, நாளையிலருந்து நாந்தான் பிடிக்கணும் சார்."

அவர் பந்தியை ஒரு சுற்றுப் பார்த்தார். பொருளாளர் வடையைப் பிட்டுக்கொண்டிருந்தார். துணைத் தலைவருக்கு முதுகுவலி என்று ஊருக்கே தெரியும். மற்றவர்கள் எல்லாருக்கும் அந்த நிமிஷத்தில் இலையில் என்னமோ பார்க்க வேண்டியிருந்தது. செயலாளர் பட்டுவேட்டியை மடித்துக் கட்டினார்.

செல்லத்தாய் உட்கார்ந்த இடத்துக்கு நேரே ஜன்னல். கொட்டகை தெரிந்தது. அவர் வெறும் கையால் அண்டாவின் காதைத் தொடப் போனார். "ஐயா, சாக்கு, சாக்கு," என்று நல்லகாமன் சாக்கை மடித்துக் கொடுத்தான். இரண்டு பேரும் தூக்கினார்கள். ஒருபக்கம் ஏறி ஒருபக்கம் இறங்கி, சாம்பார் தளும்பி ஜரிகைக் கரையில் கொட்டியது. அவர் முகம் ரத்தமாகச் சிவந்தது. கீழே வைத்ததும் இடுப்பில் கை கொடுத்து நின்றுகொண்டார். வாயைத் திறந்து காற்றை இழுத்தார். நல்லகாமன் அவரையே பார்த்துக்கொண்டு நின்றான், வெகுநேரம். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பினான்.

சாம்பார் வாளியை அவனே தூக்கிக்கொண்டு வந்தான். முதலில் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஊற்றினான். அப்புறம் அவள் இலை. கரண்டி அந்தரத்தில் நின்றது. கல்யாணமான நாளாக அவள்தான் அவனுக்குப் போட்டிருக்கிறாள். ஆயிரம் பேருக்கு அளவு பார்த்துப் போட்ட கைக்கு இந்த ஒரு இலை தெரியவில்லை.

"எம்புட்டு ஊத்த?" என்று கேட்டான்.

அவளுக்கும் தெரியவில்லை. கடைசிப் பந்திக்கும் அப்புறம் அண்டா அடியில் கிடப்பதைச் சோற்றைப் போட்டுப் பிரட்டித் தின்று பழக்கம். "ஊத்துங்க," என்றாள்.

ஒரு கரண்டி ஊற்றினான். நின்றான். இன்னொன்று ஊற்றினான்.

"நாளைக்கு வெறும் வயித்தோட வரணும்னு டாக்டரம்மா சொல்லிட்டுப் போறாக," என்றான், வாளிக்குள் பார்த்தபடி. "எந்த பஸ்ஸுக்குக் கெளம்பணும், ரெண்டு பேரும்?"

"முத பஸ்ஸுக்கு."

தலையை ஆட்டிவிட்டு அடுத்த இலைக்குப் போனான். செல்லத்தாய் சோற்றில் கை வைத்தாள். சூடு கை பொறுக்கவில்லை. எடுத்துக்கொண்டாள். ஆறட்டும் என்று இருந்தாள்.